தினமும் இரட்டிப்பாகும் கற்பனைப் பணம்: 9-ஆம் நாளுக்கு மேல் செலவுப் பட்டியல் ஏன் நொண்டுகிறது?

பி.காம் வகுப்பறை கேட்டது:

வணக்கம். இறுதியாண்டு வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறோம். முதல் நாள் 1,000 ரூபாய் கையில் வந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் 2,000, அடுத்த நாள் 4,000 என்று 20 நாளும் இரட்டித்துக்கொண்டே போகும். அன்றைய பணத்தை அன்றே செலவழித்து நோட்டில் எழுதிவிட வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது, வங்கியில் போடக் கூடாது.

முதல் வாரம் அருமையாக எழுதுகிறார்கள். அம்மாவுக்குக் கண்ணாடி, தம்பிக்கு சைக்கிள், வீட்டு மோட்டார் ரிப்பேர் என்று ஒவ்வொன்றிலும் வீட்டு நிலைமை தெரிகிறது. 9-ஆம் நாள், அதாவது 2,56,000 வந்ததும் எழுத்து சுருங்கிவிடுகிறது. 'நகை', 'கார்', 'நிலம்', 'வீடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 15-ஆம் நாளுக்கு மேல் எல்லா நோட்டிலும் 'ஏழைகளுக்கு உதவி' போன்ற ஒற்றை வரிதான். தொகை பெரிதாகப் பெரிதாக யோசனையும் விரிய வேண்டும் என்பதுதான் பயிற்சியின் நோக்கம், நடப்பது நேர்மாறாக இருக்கிறது. விதிகளை எப்படி மாற்றலாம்? பெரிய தொகைகளை மாணவர்கள் நிஜத்தோடு பொருத்திப் பார்க்க என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும்?

---

செலவேடு எழுதியது:

மேடம், குறை மாணவர்களிடம் இல்லை, இரட்டிப்புக் கணக்கிலேயே இருக்கிறது. எந்த நாளை எடுத்தாலும் அன்றைய தொகை அதற்கு முந்தைய எல்லா நாள் தொகையையும் கூட்டியதைவிட 1,000 ரூபாய் அதிகம். 14-ஆம் நாள் 81,92,000. அதற்கு முந்தைய 13 நாளும் சேர்ந்தால் 81,91,000. அதுவரை நினைத்த ஆசை அத்தனையையும் ஒரே நாளில் மறுபடி புதிதாக நினைத்தாக வேண்டும். 20-ஆம் நாள் மட்டும் 52,42,88,000. மொத்தம் 104 கோடியே 85 லட்சத்து 75 ஆயிரம். அம்பலப்புழைக் கோயில் பால்பாயசக் கதையில் சதுரங்கக் கட்டத்துக்குக் கட்டம் அரிசியை இரட்டித்துக்கொண்டு போன ராஜா மாட்டிக்கொண்டதும் இதே கணக்கில்தான்.

நான் சிபாரிசு செய்வது: 10-ஆம் நாள் வரை தினம் ஒரு தொகை. 11 முதல் 15 வரை ஒவ்வொரு தொகைக்கும் இரண்டு நாள் அவகாசம். 16-க்கு மேல் ஒரு தொகைக்கு ஒரு வாரம். கற்பனைக்கு நேரம் வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 3 கோடி ரூபாயை உருப்படியாகச் செலவழிக்க ஒரு திட்டம் வேண்டும். ஒரு சாயங்காலத்தில் திட்டம் வராது.

இரட்டிப்பே வேண்டாம் என்றால் தினம் 1,000 கூட்டும் முறையும் உண்டு: 1,000, 2,000, 3,000 என்று போகும். ஓராண்டு முடிவில் 365-ஆம் நாள் தொகை 3,65,000. ஆண்டு மொத்தம் 6,67,95,000. வீட்டுச் செலவு, ஊர்ச் செலவு இரண்டையும் பழகுவதற்கு இதுவே நல்லது என்பது என் கருத்து. கல்லூரிப் பருவத்துக்கு ஒரு ஆண்டு நீளம் என்றால் 90 நாளோடு நிறுத்தலாம்.

அடுத்து, நோட்டில் பத்திகளை மாற்றுங்கள். இப்போது 'பொருள், தொகை' என்று இரண்டே பத்தி இருக்கும் என்று நினைக்கிறேன். ஐந்து வேண்டும்: பொருள், எங்கே விசாரித்த விலை, இன்றைக்குக் கையை விட்டுப் போகும் மொத்தத் தொகை, அதில் திரும்பி வராதது எவ்வளவு, அடுத்த ஆண்டு இதற்கு ஆகும் செலவு. கடைசி இரண்டும்தான் உயிர்.

நகையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்குத் தங்கம், செய்கூலி சேதாரம் 12% என்று கடைக்காரர் சொல்கிறார் என்றால் 11,20,000. அதன்மேல் 3% ஜிஎஸ்டி 33,600. பில் 11,53,600. அன்றே விற்றாலும் அதிகபட்சம் தங்கத்தின் மதிப்புதான் கைக்கு வரும். ஆக, செலவு 1,53,600. மீதி 10 லட்சம் உருமாறி நிற்கும் சேமிப்பு. உங்கள் விதி சேமிப்பைத் தடுக்கிறது, மாணவர்கள் நகை என்றும் நிலம் என்றும் எழுதி அதே சேமிப்பைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிடுகிறார்கள். 'திரும்பி வராதது' என்ற பத்தி இருந்தால் இது உடனே கண்ணில் படும். ஒரு நாள் தொகையில் பாதிக்கு மேல் உருமாறும் செலவாக இருக்கக் கூடாது என்று விதி வையுங்கள். பட்டியல் தானாக உயிர் பெறும்.

காரிலும் இதே கதைதான். 12-ஆம் நாள் 20,48,000 வருகிறது, '20 லட்சம் கார்' என்று எழுதிவிடுவார்கள். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு சாலை வரி 18%. 10 லட்சத்துக்கு மேலான காருக்கு 1% டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி). காப்பீட்டுக்கு 60,000 என்று வைத்துக்கொண்டால் அந்தப் பணத்துக்கு வாங்கக்கூடியது ஷோரூம் விலை சுமார் 16,70,000 உள்ள வண்டிதான். பெட்ரோல், சர்வீஸ், அடுத்த ஆண்டு காப்பீடு எல்லாம் ஐந்தாவது பத்தியில் வர வேண்டும்.

---

தணிக்கை மேசை எழுதியது:

செலவேடு சார் சொன்ன பத்திகளோடு ஆறாவதாக ஒன்று: 'பணம் எப்படிக் கைமாறியது'. வணிகவியல் மாணவர்கள் என்பதால் இது கட்டாயம் வேண்டும்.

9-ஆம் நாளில் எழுத்து சுருங்குகிறது என்றீர்கள். சட்டமும் சரியாக அந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. ஒரே நாளில் ஒருவரிடமிருந்தோ, ஒரே பரிவர்த்தனைக்கோ, ஒரே நிகழ்ச்சிக்கோ 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக யாரும் வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. 8-ஆம் நாள் 1,28,000-ஐ நோட்டாக எண்ணிக் கொடுக்கலாம். 9-ஆம் நாள் 2,56,000-ஐ ஒரே கடையில் ரொக்கமாகக் கொடுக்க முடியாது. பில்லைப் பிரித்துப் போடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒரே கல்யாணத்துக்கான மண்டபமும் அலங்காரமும் ஒரே ஆளிடம் என்றால் பிரித்தாலும் ஒரே நிகழ்ச்சிதான். 2 லட்சத்துக்கு மேல் வாங்கினால் பெரும்பாலும் பான் எண் கேட்பார்கள். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதில் வரம்பு இன்னும் குறைவு: 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கம் கூடாது.

நிலத்துக்கு ஒரு முழுக் கணக்கு போட்டுக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, மொத்தம் 9%. 14-ஆம் நாளின் 81,92,000-க்கு 81 லட்சம் நிலம் வாங்க முடியாது. 1.09-ஆல் வகுத்தால் சுமார் 75,15,000 ரூபாய் நிலம்தான். விலை 50 லட்சத்தை எட்டிவிட்டதால் வாங்குபவர் 1% டிடிஎஸ் (விலையிலேயே பிடிக்கும் வரி), அதாவது 75,150 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை விற்பவருக்குக் கொடுத்து, பிடித்ததை அவருடைய பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் வாங்கியவர் தலையில்தான் விழும். இதற்கெல்லாம் முன்பே தாய்ப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் நான்கையும் வக்கீல் பார்த்திருக்க வேண்டும். பட்டா ஒருவர் பெயரிலும் பத்திரம் வேறொருவர் பெயரிலும் இருக்கும் நிலம்தான் நிறையப் பேரின் பணத்தை முடக்குகிறது.

'ஊரில் 200 ஏக்கர் வாங்கி விவசாயம் செய்வேன்' என்று ஒரு நோட்டிலாவது இருக்கும். நில உச்சவரம்புச் சட்டப்படி தமிழ்நாட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர்தான் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) வரம்பு. பணம் இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு, மாணவர்கள் ரசிப்பார்கள். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 50,000-க்கு மேல் அன்பளிப்பு வந்தால் வாங்கியவருக்கு முழுத் தொகைக்கும் வரி. உறவினர் யார் என்பதை வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சித்தப்பா உங்களுக்கு 5 லட்சம் கொடுத்தால் உங்களுக்கு வரியில்லை. பெற்றோரின் உடன்பிறந்தோர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அதே 5 லட்சத்தை நீங்கள் சித்தப்பாவுக்குக் கொடுத்தால் அவருக்கு வரி உண்டு. உடன்பிறந்தவரின் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. சித்தப்பா மகன், மாமா மகள், நண்பர்கள் யாரும் உறவினர் கணக்கில் வரமாட்டார்கள். அவரவர் திருமணத்துக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. மனைவிக்குக் கொடுத்த பணத்தில் வரும் வட்டி கொடுத்தவர் வருமானத்தோடு சேரும்.

கடைசியாக, பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி போடுங்கள். லாட்டரி என்பார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கேரளத் திருவோணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்: ஏஜெண்ட் கமிஷன் 10% போக 22.5 கோடி. அதில் 30% வரி 6.75 கோடி. புதிய வரிமுறையில் அந்த வரியின் மேல் 25% சர்சார்ஜ் 1.6875 கோடி. இரண்டையும் கூட்டி 4% செஸ் 33.75 லட்சம். கையில் நிற்பது 13.725 கோடி. ஆரம்பத்தில் பிடித்தம் போக 15.75 கோடி வரும், அது முழுவதும் தன்னுடையது என்று செலவழித்துவிட்டால் 2 கோடிக்கு மேல் வரிபாக்கி வந்து நிற்கும்.

---

பி.காம் வகுப்பறை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. சித்தப்பா கணக்கை நாளைக்கே கரும்பலகையில் போடுகிறேன். ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. 17-ஆம் நாளுக்கு மேல் (6.5 கோடியிலிருந்து 52 கோடி வரை) நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள்: 'ஏரியைத் தூர்வாருவேன்', 'அரசுப் பள்ளிக்கு நூலகம் கட்டுவேன்', 'ஏழை மாணவர்களைப் படிக்க வைப்பேன்'. அந்த ஆசையைக் குறைக்காமல் கணக்குக்குள் கொண்டுவருவது எப்படி?

---

கலங்கல் மேடு எழுதியது:

ஏரி பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

மாணவர்களை முதலில் கன அளவு கணக்குப் போடச் சொல்லுங்கள், ரூபாய் அப்புறம். ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி ஆழம் மண் எடுத்தால் 43,560 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், ஆக சுமார் 436 யூனிட். நீர்ப்பரப்பு 100 ஏக்கர் உள்ள நடுத்தர ஏரியில் ஒரே ஒரு அடி எடுத்தால் 43,560 யூனிட். டிப்பர் லாரி 3 யூனிட் ஏற்றும் என்றால் 14,520 நடை. வெட்டிய மண் உதிர்ந்து பருக்கும், அதற்கு 25% கூட்டினால் 18,000 நடைக்கு மேல். 20 டிப்பர், ஒவ்வொன்றும் தினம் 10 நடை என்று ஓட்டினாலும் 90 நாளுக்கு மேல் ஆகும். ஹிட்டாச்சி (மண் அள்ளும் இயந்திரம்) வாடகை, டீசல், டிப்பர் நடைக்கூலி மூன்றையும் உங்கள் பகுதி விலையில் விசாரித்துப் பெருக்கச் சொல்லுங்கள். தொகை தானாக வரும்.

இப்போது நாள்காட்டியைக் கையில் கொடுங்கள். ஏரி வற்ற வேண்டும், வண்டி இறங்கும் அளவுக்கு வண்டல் காய வேண்டும். பங்குனி, சித்திரையில் ஆரம்பித்தால் ஆவணிக்குள் முடித்தாக வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பாதி வேலையோடு நிற்கும். கொஞ்சம் கோடை மழை பெய்தாலே டிப்பர் சேற்றில் புதைந்து பத்து நாள் போய்விடும். பணம் இரண்டு மடங்கு ஆனால் வண்டியை இரண்டு மடங்காக்கலாம். கரையில் ஏறும் ஒற்றைப் பாதை இரண்டு மடங்காகாது. ஒரு டிப்பர் ஏறும்போது இன்னொன்று கீழே காத்துக் கிடக்கும்.

தூர்வாருவது என்றால் பள்ளம் தோண்டுவது என்று நினைத்துச் செய்வதுதான் பெரிய கெடுதல். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது, குட்டையாகத் தேங்கும். கரையை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். அடியில் இருக்கும் களிப்படலத்தைக் கிழித்துவிட்டால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். நான் போடும் வரிசை: முதலில் வரத்துக்கால்வாய், அடுத்து மிகுநீர் வழிந்தோடும் கலங்கல், மடை, கரை, எல்லாம் முடிந்த பிறகு தரைமட்டம். வரத்துக்கால்வாய் அடைத்துக் கிடக்கும் ஏரியில் 6 கோடிக்குத் தோண்டினாலும் நிரம்பாது.

அனுமதி தனி வேலை. ஆயக்கட்டு (ஏரி பாயும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழ் என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். அவர்கள் பொறியாளர் மதிப்பீடு போட்டு ஒப்புதல் தராமல் இயந்திரம் இறக்கக் கூடாது. எடுத்த வண்டல் எங்கே போகும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதியோடு வயலுக்கு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இதைச் சேர்த்துக்கொண்டால் நடைக்கூலியில் பெரும்பகுதி மிச்சம்.

---

காசோலை எழுதியது:

நூலகத்துக்கும் படிப்புக்கும் வருகிறேன்.

கட்டடம் எளிது. 2,000 சதுர அடி என்றால் சிமெண்ட் சுமார் 800 மூட்டை, கம்பி 8 டன், மீதிக்குக் கொட்டேஷன் வாங்கலாம். ஒப்பந்தக்காரருக்கு மொத்தமாகக் கொடுக்காமல் அடித்தளம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகக் கொடுப்பதை எழுத வேண்டும். பட்டியலில் எப்போதும் விடுபடுவது நூலகரின் சம்பளம். மாதம் 25,000 என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். மின்கட்டணம், புதுப் புத்தகம், பராமரிப்பு சேர்த்து 6 லட்சம் என்று வையுங்கள். இது என்றென்றும் நடக்க வேண்டுமானால் மூலதன நிதி வேண்டும். 7% வட்டி வருகிறது, அதில் 4% விலைவாசி தின்றுவிடுகிறது என்று கொண்டால் செலவழிக்கக் கூடியது 3%தான். 6 லட்சத்தை 0.03-ஆல் வகுத்தால் 2 கோடி. கட்டடத்துக்கு ஆவதைவிட அதைத் திறந்து வைத்திருக்க ஆவது பல மடங்கு. படிப்பு உதவியிலும் அப்படியே: ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 60,000 வீதம், எப்போதும் ஒரு இடம் இருக்க 20 லட்சம் மூலதனம். 18-ஆம் நாளின் 13,10,72,000-க்கு 65 இடம் வரும். '65 இடம்' என்று எழுதிவிட்டால் யாருக்கு, எந்த அடிப்படையில், யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விகள் தானாக வரும்.

அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக இருந்தால் 'மூலதன நிதிக்காக' என்று எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். சும்மா நன்கொடையாகக் கொடுத்தால், வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை அந்த ஆண்டு வருமானத்தில் 85%-ஐ நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும். தள்ளிவைக்க வேண்டுமானால் காரணம் சொல்லித் தனியாக அறிவிக்க வேண்டும், அதுவும் ஐந்து ஆண்டுக்குள்தான். 26 கோடியை மார்ச் 20-ஆம் தேதி கொண்டுபோய்க் கொட்டினால் அவர்களுக்கு அது தலைவலி.

பணம் அசையும் விதத்தையும் காட்டுங்கள். 52,42,88,000 ரூபாயை 500 ரூபாய் நோட்டில் எடுத்தால் 100 தாள் கொண்ட கட்டு 10,486. வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம்தான். முழுத் தொகைக்கும் காப்பீடு வேண்டுமானால் 1,049 வங்கி தேவை. வேலை நடக்கும்வரை பணத்தை அரசின் 91 நாள், 182 நாள், 364 நாள் கருவூல உண்டியலில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) வைக்கலாம்; ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் கணக்கில் 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம். அனுப்பும்போது ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகைக்கான வங்கிப் பணப் பரிமாற்றம்), குறைந்தபட்சம் 2 லட்சம். அதில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவாகும், எண் தவறினால் வேறொருவர் கணக்குக்குப் போய்விடும். முதலில் சிறு தொகை ஒன்றை அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டுப் பெரிய தொகையை அனுப்ப வேண்டும்.

---

செலவேடு எழுதியது:

மேடம், 16-ஆம் நாளிலிருந்து மூன்று மூன்று பேராகக் குழு பிரித்துவிடுங்கள். ஒருவர் செலவழிப்பவர், ஒருவர் விற்பவர் அல்லது ஒப்பந்தக்காரர், ஒருவர் தணிக்கையாளர். தணிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணில் பதில் வர வேண்டும்: எத்தனை யூனிட், எத்தனை மாதம், எத்தனை பேருக்குச் சம்பளம். பதில் இல்லாத வரியை அடிக்க வேண்டாம், அந்தத் தொகையை மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள். அப்படித் தள்ளிய தொகை மறுநாள் இரட்டிப்போடு சேர்ந்து வரும் என்பதால் பொத்தாம்பொதுவாக எழுதுவதைத் தாங்களே குறைத்துக்கொள்வார்கள். வாரம் ஒருமுறை மூவரும் வேடத்தை மாற்றிக்கொள்ளட்டும். 20-ஆம் நாள் தொகையை ஒரே வேலையில் போடக் கூடாது, குறைந்தது நான்கு வேலை, அதில் ஒன்றாவது பத்து ஆண்டுக்கு மேல் ஓடக்கூடியது என்று வையுங்கள். மதிப்பெண்ணில் பாதியை ஐந்தாவது பத்திக்கு ஒதுக்கிவிடுங்கள்.